8 மாத வேலையும் 15 நிமிடப் பேச்சும்

மாணவர் பகுதி: பொறியியல் செயற்திட்டத்தைச் சபையில் முன்வைத்தல்



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து அன்னதான மண்டபத்தில் இருந்தபோது, பொறியியல் இறுதியாண்டில் படிக்கும் ஒரு தம்பி எமது மேசைக்கு வந்து அமர்ந்தார். முகம் வாடியிருந்தது. "எட்டு மாதம் வேலை செய்தனான் அங்கிள். பதினைஞ்சு நிமிசத்திலை எல்லாம் போச்சுது" என்றார்.

விசாரித்தோம். அவருடைய குழு செய்த வேலையில் குறையில்லை. எழுத்து அறிக்கைக்கு நல்ல புள்ளிகள் கிடைத்திருந்தன. வாய்மொழியாக விளக்கிய அன்றுதான் பிழைத்தது. தரப்பட்ட 15 நிமிடங்களில் முதல் 11 நிமிடங்கள் பின்னணி சொல்வதிலேயே போய்விட்டன. தாம் கண்டறிந்த முடிவைச் சொல்லத் தொடங்கும்போது நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள்.

இது ஒரு பிள்ளையின் கதை மட்டுமன்று. எம்மவர் பிள்ளைகள் பலர் கணிதத்திலும் பரிசோதனையிலும் முன்னணியில் நிற்கிறார்கள். எழுந்து நின்று பேசும்போது பின்தங்கிவிடுகிறார்கள். வேலைக்கான நேர்முகத்திலும், பின்னர் பதவி உயர்விலும் இதே குறை தொடர்கிறது. ஆகவே இம்முறை இவ்விடயம் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எமக்கு இதில் என்ன தெரியும்?

நாம் பொறியியலாளர் அல்லர், கணக்காளர். ஆயினும் பொறியியலாளர்கள் தமது திட்டங்களை விளக்கிப் பணம் கேட்கும் கூட்டங்களில், மேசையின் மறுபக்கத்தில் இருந்து கேட்கும் தொழில் எமது. எந்தப் பேச்சுக்குப் பின் தலைகள் அசைகின்றன, எந்தப் பேச்சின்போது கேட்போர் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்பதைப் பல வருடங்களாகக் கண்டிருக்கிறோம்.

எமது சொந்தப் பாடத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்நாட்டில் எமது முதலாவது வேலையில், ஒரு சிறு நிறுவனத்தின் இயக்குநர்கள் முன் ஆண்டுக் கணக்கை விளக்கும்படி சொன்னார்கள். 14 பக்கங்கள் தயாரித்துக்கொண்டு போய், முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தோம். 6ஆம் பக்கத்தில் தலைவர் கையை உயர்த்தி, "அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காசு இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். விடை 12ஆம் பக்கத்தில் இருந்தது. கைகள் நடுங்கக் கடதாசிகளைப் புரட்டினோம். கணக்கில் ஒரு சதமும் பிழையில்லை. ஆனால் எமக்குக் கணக்கே தெரியாது என்றுதான் அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்று கற்றது இதுதான். கேட்பவர் எமது உழைப்பின் வரலாற்றை அறிய வரவில்லை. ஒரு தீர்மானம் எடுக்க வந்திருக்கிறார். அத்தீர்மானத்துக்கு வேண்டியதை முதலில் கொடுக்கவேண்டும்.

சபைப் பயம் எங்கிருந்து வந்தது?

பேச்சுக் கலை எமக்குப் புதியதன்று. திருக்குறளில் சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களே இதற்கென உள்ளன. அப்படியிருக்க எமது வீட்டுப் பிள்ளை ஏன் சபையில் தயங்குகிறது?

ஒரு காரணம் எமது வளர்ப்பு. பெரியவர்கள் கதைக்கும்போது வாய் திறக்கக்கூடாது என்று பழக்கினோம். இன்னொரு காரணம் சொல்லக் கொஞ்சம் கஷ்டமானது. எம்மில் பலர் இந்நாட்டில் முதன்முதலாக ஒரு சபையின் முன் பேசியது அகதி விசாரணையில். எதிரே தீர்மானிப்பவர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கூடக் கதைக்காதை, தெரியாது எண்டு சொல்லிப் பிழைவிடாதை" என்று முன்னர் வந்தவர்கள் எமக்குப் புத்தி சொன்னார்கள். பயத்தில் பிறந்த புத்தி அது. அதே புத்தியை நாம் அறியாமலே பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டோம். அவர்களும் வேலையில் உள்ள சந்தேகத்தை மறைத்து, குறைவாகப் பேசி, ஸ்லைட்டைப் பார்த்து வாசித்துவிட்டு இருக்கையில் போய் அமர்ந்துவிடுகிறார்கள்.

பொறியியலில் இது புள்ளி குறைவதோடு முடியும் விடயமன்று. இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

கொலம்பியா: கடைசி வரியில் இருந்த உண்மை

2003 ஜனவரி 16இல் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் புறப்பட்டது. அரியானா மாநிலத்தின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் அதில் இருந்தனர். புறப்பட்டு ஏறத்தாழ 82 செக்கன்களில் எரிபொருட் தாங்கியின் வெளியிலிருந்த நுரைக் காப்புத் துண்டொன்று கழன்று இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், பொறியியலாளர்கள் இந்த மோதலை ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு விளக்கினார்கள்.

அவ்விளக்கத்தின் ஒரு ஸ்லைட் பின்னர் உலகப் பிரசித்தமானது. அதன் தலைப்பு, முந்திய பரிசோதனைத் தரவுகள் போதிய பாதுகாப்பு இடைவெளியைக் காட்டுகின்றன என்ற எண்ணத்தைக் கொடுத்தது. அதன் கீழே வரிக்குள் வரி, அதற்குள் இன்னொரு வரி என்று சிறிய எழுத்தில் விபரங்கள். அடியில், இந்த மோதல் பரிசோதித்த எல்லைக்கு மிகவும் வெளியே உள்ளது என்று இருந்தது. பரிசோதனையில் பாவித்த துண்டின் அளவு 3 கன அங்குலம். ஆராயப்பட்ட துண்டின் அளவு 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு!

உண்மை எழுதப்பட்டிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தலைப்பு ஒன்றைச் சொல்ல, கடைசி வரி வேறொன்றைச் சொன்னது. பெப்ரவரி 1ஆம் திகதி பூமிக்குத் திரும்புகையில் விண்ணோடம் உடைந்து சிதறி, 7 பேரும் மாண்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த விசாரணைச் சபையின் அறிக்கை, உயிராபத்தைப் பற்றிய ஸ்லைட் இது என்பதை ஓர் உயர் அதிகாரி வாசித்தும் உணராமல் விடக்கூடும் எனச் சுட்டிக்காட்டியது.

ஒரு ஸ்லைட்டினால்தான் விபத்து நேர்ந்தது என்று சொல்வது நியாயமாகாது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கும்படி பொறியியலாளர்கள் கேட்டதும் நிறைவேறவில்லை. ஆனால் "640 மடங்கு பெரிய துண்டு, எமது பரிசோதனை இதற்குப் பொருந்தாது" என்று முதல் வரியில் இருந்திருந்தால், கேட்டவர்கள் அதைக் கேளாதவர்போல் கடந்துபோவது கடினமாக இருந்திருக்கும்.

சலஞ்சர்: இருந்த தரவும் காட்டாத தரவும்

இதற்கு 17 வருடங்களுக்கு முன்பு, 1986 ஜனவரி 28இல், சலஞ்சர் விண்ணோடம் புறப்பட்டு 73 செக்கன்களில் சிதறியது. அதிலும் 7 உயிர்கள் போயின. ரொக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் றப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவை வெளியே விட்டுவிட்டது.

முதல் நாள் இரவே, ரொக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் இதை எச்சரித்தார்கள். றொஜர் போய்ஸ்ஜொலி போன்றவர்கள் உறுதியாக வாதாடினார்கள். 53 பாகை பரனைற்றுக்குக் குறைந்த குளிரில், அதாவது சுமார் 12 பாகை செல்சியசுக்குக் கீழே, ஏவவேண்டாம் என்பதே அவர்கள் ஆலோசனை. ஆனால் அதற்குச் சான்று கேட்டபோது தடுமாற்றம் வந்தது. 53 பாகையில் சென்ற பயணத்தில் வளையம் சேதமடைந்தது உண்மை. 75 பாகையில் சென்ற ஒரு பயணத்திலும் வாயு கசிந்திருந்தது. அப்படியானால் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று மறுபக்கம் கேட்டது. இறுதியில் அந்நிறுவனத்தின் முகாமையாளர்கள் தனியே கலந்துபேசி, பொறியியலாளரின் ஆலோசனையை மாற்றினார்கள்.

பின்னர் விசாரணைக் குழு செய்தது ஒரு சிறிய வேலை. சேதமில்லாமல் திரும்பிய பயணங்களையும் சேர்த்து, எல்லாப் பயணங்களையும் வெப்பநிலைப்படி ஒரே வரைபில் குறித்தது. படம் உடனே தெளிந்தது. 65 பாகைக்குக் கீழே நடந்த 4 பயணங்களிலும் சேதம். அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் நடந்த ஏறத்தாழ 20 பயணங்களில் 3இல் மாத்திரம் சேதம். கெட்டுப்போனவற்றை மட்டும் பார்த்தால் தெரியாத ஒழுங்கு, கெடாதவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது.

அன்று எச்சரித்த பொறியியலாளர் மீது நாம் குற்றம் சொல்லவில்லை. தீர்மானம் எடுத்த முறையே பிழை என்று விசாரணைக் குழுவும் கூறியது. ஆனால் மாணவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. முடிவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதை நிறுவும் ஒரு படம் கையில் இருக்கவேண்டும்.

அதே விசாரணையில் பெப்ரவரி 11ஆம் திகதி, பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன் அந்த வளையத்தின் ஒரு துண்டைச் சிறு கிடுக்கியில் இறுக்கி, மேசையிலிருந்த ஐஸ் தண்ணீர்க் குவளைக்குள் போட்டார். எடுத்துக் கழற்றியபோது றப்பர் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நீண்ட விளக்கங்கள் செய்யாததை ஒரு குவளைத் தண்ணீர் செய்தது.

எமது பிள்ளைகள் செய்யவேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு மாணவக் குழு ஒரு பொது மண்டபத்தின் மின்சாரச் செலவைக் குறைப்பதை ஆராய்கிறது. மண்டபத்தில் 60 பழைய குழல் விளக்குகள். ஒவ்வொன்றும் 45 வாற். புதிய எல்.ஈ.டி. விளக்கு 20 வாற். ஒரு விளக்கில் மிச்சம் 25 வாற். 60 விளக்குகளில் 1,500 வாற், அதாவது 1.5 கிலோவாற். வருடத்தில் 2,000 மணித்தியாலம் எரிந்தால் 3,000 யூனிற் மிச்சமாகும்.

1. முடிவை முதலில் சொல்லுங்கள். "மின்சாரத்தின் வரலாறு" என்று தொடங்கவேண்டாம். "இம்மண்டபத்தின் 60 விளக்குகளையும் மாற்றினால் வருடத்துக்கு 3,000 யூனிற் மிச்சமாகும், மாற்றவேண்டும் என்பது எமது ஆலோசனை" என்று முதலாவது நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

2. உடனேயே அதன் எல்லையையும் சொல்லுங்கள். "இக்கணக்கு 2,000 மணித்தியாலம் என்பதில் தங்கியிருக்கிறது. விளக்குகள் எரியும் நேரத்தை நாங்கள் 4 கிழமைகள் மட்டுமே அளந்தோம். அவற்றுள் விழாக்காலம் வரவில்லை." இப்படிச் சொன்னால் புள்ளி குறையும் என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். மாறாக, கேட்பவருக்கு உங்கள்மீது நம்பிக்கை பிறப்பது இவ்விடத்தில்தான். கொலம்பியாவின் கடைசி வரியை நீங்கள் முதல் நிமிடத்துக்குக் கொண்டுவருகிறீர்கள்.

3. நேரத்தைப் பங்கிடுங்கள். 15 நிமிடத்தில் 5 நிமிடம் கேள்விகளுக்கு என்றால் உங்களுக்கு 10 நிமிடம். முடிவுக்கும் எல்லைக்கும் 1, பிரச்சினைக்கு 2, செய்த முறைக்கு 2, பெறுபேறுகளுக்கு 4, ஆலோசனைக்கு 1. பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் சொல்ல ஆசை வரும். அவை எழுத்து அறிக்கையில் இருக்கட்டும்.

4. ஒரு ஸ்லைட்டுக்கு ஒரு செய்தி. தலைப்பு "பெறுபேறுகள்" என்று இருக்கக்கூடாது. "விழா இல்லாத நாட்களில் விளக்குகள் சராசரி 5 மணித்தியாலம் எரிகின்றன" என்பதுபோல் முழு வசனமாக இருக்கட்டும். தலைப்பும் கீழே உள்ள விபரமும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பாருங்கள். வரைபின் இரு அச்சுகளிலும் பெயரும் அலகும் இருக்கவேண்டும். சரிவராத அளவீடுகளையும் சேர்த்துக் காட்டுங்கள். அறையின் கடைசிக் கதிரையிலிருந்து வாசிக்க முடியாத எழுத்து எழுதாததற்குச் சமம்.

5. முடிந்தால் ஒரு பொருளைக் காட்டுங்கள். பழைய விளக்கொன்றையும் புதிய விளக்கொன்றையும் மின்மானியில் இணைத்து, 45 என்றும் 20 என்றும் விழும் இலக்கங்களைக் காட்டினால் அதுவே அரைவாசிப் பேச்சு. முன்கூட்டியே பரீட்சித்துப் பாருங்கள். செயற்படாவிட்டால் காட்ட ஒரு படமும் வைத்திருங்கள்.

6. ஸ்லைட்டைப் பார்த்து வாசிக்கவேண்டாம். கேட்பவர் உங்களைவிட வேகமாக வாசித்துவிடுவார். முதல் இரண்டு வசனங்களையும் கடைசி இரண்டு வசனங்களையும் மனனம் செய்யுங்கள். நடுப்பகுதியை விளங்கிப் பேசுங்கள். இன்று கணனியே ஸ்லைட்டை எழுதித் தந்துவிடுகிறது. ஆனால் அடுத்து வரும் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

7. ஆறுதலாகப் பேசுங்கள். உச்சரிப்பு பற்றி வெட்கப்படத் தேவையில்லை. அவசரம்தான் விளங்காமற் செய்கிறது. இலக்கங்களில் விசேட கவனம் வேண்டும்: ஆங்கிலத்தில் "பிஃப்ரீன்" என்பதும் "பிஃப்ரி" என்பதும் வேகத்தில் ஒன்றுபோலக் கேட்கும். முக்கிய இலக்கத்தைச் சொல்லி, திரையிலும் காட்டி, ஒரு மூச்சு நிறுத்துங்கள்.

8. குழுவாகப் பேசும்போது, ஒருவர் பகுதியை மற்றவர் அறிந்திருக்கவேண்டும். "அது நான் செய்யவில்லை" என்ற பதில் முழுக் குழுவையும் கீழே இழுத்துவிடும்.

கேள்வி நேரம்

நல்ல பரீட்சகர் உங்களை அளப்பது இங்கேதான். கேள்வியை முழுதாகக் கேளுங்கள். விளங்காவிட்டால், "நீங்கள் கேட்பது இதுதானா?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிக் கேளுங்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது.

விடை தெரியாவிட்டால் சுற்றி வளைக்காதீர்கள். "அதை நாங்கள் அளக்கவில்லை. அளப்பதானால் திருவிழா மாதத்தில் ஒரு மின்மானி பொருத்திப் பார்க்கவேண்டும்" என்று சொல்லுங்கள். வெறும் "தெரியாது" கதவை மூடிவிடும். எப்படி அறியலாம் என்றும் சேர்த்துச் சொன்னால் அது பொறியியலாளரின் பதிலாகிவிடும். வரக்கூடிய 10 கேள்விகளை முன்கூட்டியே எழுதி, முக்கியமானவற்றுக்கு மேலதிக ஸ்லைட் ஒன்றிரண்டை இறுதியில் வைத்திருப்பது புத்தி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"எங்களுக்கு இங்கிலீசும் தெரியாது, பொறியியலும் தெரியாது, நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்கிறீர்களா? நீங்கள் செய்யக்கூடிய உதவி மிகப் பெரியது. பிள்ளையை வரவேற்பறையில் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, தனது செயற்திட்டத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அம்மம்மாவையும் அழைத்து இருத்துங்கள். முடிந்ததும் மூன்று கேள்விகள் மாத்திரம் கேளுங்கள்: என்ன கண்டுபிடித்தாய்? அது சரியென்று எப்படித் தெரியும்? எதில் இன்னும் சந்தேகம்?

கடினமான சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அம்மம்மாவின் முன் முடியாது. அவருக்கு விளங்கும்படி தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, பேராசிரியர் முன் அவருடைய மொழியில் சொல்வது இலகு. பிள்ளையின் தமிழும் வளரும். இப்படி மூன்று தடவை நின்று பழகினால் சபைப் பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

முக்கியமாக, மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லும்போது ஏசாதீர்கள். "எதில் சந்தேகம்?" என்று வீட்டில் பயமின்றிச் சொல்லப் பழகிய பிள்ளைதான், நாளை ஒரு பாலத்தைப் பற்றியோ ஓர் இயந்திரத்தைப் பற்றியோ "இது பாதுகாப்பில்லை, நிறுத்துங்கள்" என்று பெரியவர்களின் மேசையில் முதல் வசனமாகச் சொல்லும். விசாரணை அறையில் நாம் பழகிய மௌனத்தைப் பிள்ளைகளுக்கு முதுசமாகக் கொடுக்கவேண்டாம்.

அந்தத் தம்பிக்கு மீண்டும் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். சென்ற ஞாயிறு ஆலய நூலக அறையில், அவருடைய தாயாரும் நாமும் கேட்டிருக்க, நின்று பேசிப் பழகினார். முதல் நிமிடத்திலேயே முடிவைச் சொன்னார். அடுத்த வசனத்தில் அதன் குறையையும் சொன்னார். முடிந்ததும் தாயார், "இவ்வளவு நாளும் இவன் என்ன செய்தவன் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது" என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் அச்சமின்றி அவையில் நின்று உண்மையைத் தெளிவாக உரைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவாராக.